தையல் டீச்சர் பேசுகிறேன்

நவம்பர் 11

எழுதினால் மனப்பாரம் குறையுமாம். ஞானசேகர் சார் சொல்கிறார். எங்கள் தொலைபேசி உதவி மையத்துக்கு அவர்தான் பொறுப்பு. எச்.ஐ.வி. இருப்பவர்கள், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் என யார் கூப்பிட்டாலும் பேச வேண்டியது எங்கள் வேலை. கேட்டதையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், எழுதி இறக்கி வையுங்கள், யார் பெயரையும் மட்டும் எழுதாதீர்கள் என்றார். பெயர் தெரிந்தால்தானே எழுதுவதற்கு? நாங்கள் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. அவரவருக்குப் பிடித்த பூவின் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஒரு லாரி டிரைவர் தன்னை முல்லை என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

இன்றைக்கு என் மனப்பாரம் குழாயில் தண்ணீர் வராததுதான். வீட்டு ஓனரிடம் கத்திவிட்டு வேலைக்குப் போனேன். எழுதியாயிற்று. ஒன்றும் குறையவில்லை.

நவம்பர் 13

ஒருவன் திட்டுவதற்கென்றே கூப்பிட்டான். "உங்கள மாதிரி ஆளுகளாலதான் ஊரே கெட்டுப்போச்சு" என்றான். "எனக்கும் அது இருக்குதுங்க. இன்னைக்கு மட்டன் கொழம்பு வெச்சு ரெண்டு தடவ சோறு போட்டுச் சாப்பிட்டனுங்க. நீங்க சாப்பிட்டாச்சுங்களா?" என்றேன். வைத்துவிட்டான். இப்படிப் பேசக் கூடாது என்று சார் சொன்னார். சரி என்றேன். அடுத்தவன் கூப்பிட்டால் மீன் குழம்பு என்று சொல்லப்போகிறேன்.

நவம்பர் 15

செவ்வந்தி பேசினாள். திருச்செங்கோட்டுப் பக்கம். சின்னப் பெண். கல்யாணமான முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவளை, முழுகாமல் இருக்கிறாள் என்று ஊர் நர்ஸ் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மாவும் மகனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஒற்றை அறையில் இருக்கிறார். அதனால் பிரசவம் மாமியார் வீட்டில்தான். புருஷன் போர்வெல் வண்டியோடு வடக்கே போயிருக்கிறான்.

"அவருகிட்ட சொன்னா, நீதான் கொண்டாந்தேன்னு எம்மேலயே போட்டுருவாருங்கக்கா. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

தையல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஈரோட்டுக்கு வந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டரில் வாங்கிக்கொண்டு போகிறாள். தையல் பையில் நூல்கண்டுகளுக்கு அடியில் மாத்திரை டப்பா. சாயங்காலம் மாமியார் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போன பிறகுதான் நான் கூப்பிட வேண்டும். வேறு யாராவது எடுத்துவிட்டால் 'தையல் டீச்சர் பேசறேன்' என்று சொல்ல வேண்டும். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது. போன மாதம் இன்னொருத்திக்கு நான் ஏலச்சீட்டு அக்கா. அதற்கு முன்னால் ஒருத்தனுக்குக் கல்யாண புரோக்கர். அவன் அப்பா என்னிடம் ஜாதகம் கேட்டுப் பெரும்பாடாகிவிட்டது.

செவ்வந்திக்குக் கவலையெல்லாம் வயிற்றுப் பிள்ளைதான். "நீ மாத்திரைய விடாமப் போட்டு, பொறந்த ஒடனே கொழந்தைக்கும் மருந்து குடுத்தா, கொழந்தைக்கு வராமக் காப்பாத்திரலாம் கண்ணு. அரசாங்க ஆஸ்பத்திரில பிரசவம் பாத்துக்க. அங்க எல்லாம் தயாரா இருக்கும்" என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

நவம்பர் 20

குழாயில் தண்ணீர் வந்தது. காவி நிறத்தில்.

மரிக்கொழுந்து அம்மா கூப்பிட்டார். சித்திரையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறவர். நாங்கள் அவரைக் கூப்பிடக் கூடாது, அவரேதான் கூப்பிடுவார். மகன் காய்ச்சலோடு ஊருக்கு வந்து, பரிசோதனையில் தெரிந்து, அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறான். அவனை மாத்திரை சாப்பிட வைத்துத் தேற்றி மறுபடி வேலைக்கு அனுப்பியது இந்த அம்மாதான். படித்ததில்லை. நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டே எல்லாம் கற்றுக்கொண்டார்.

"மருமகளுக்கும் பரிசோதனை பண்ணோணும்னு எத்தன தடவ சொல்றனுங்கம்மா" என்று இன்றும் கேட்டேன்.

"அவ நல்லாத்தான் இருக்கறா அம்மிணி. ஒண்ணுமே தெரியாத புள்ள. தெரிஞ்சா ஏதாச்சும் பண்ணிக்குவா. பையன் ஊருக்கு வரட்டும், அவனே சொல்லிக்கட்டும்."

"அதுக்குள்ள காலம் போயிருமுங்க."

"நீங்க மத்ததையெல்லாம் சொல்லுங்க, கேக்கறேன். இத மட்டும் சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 1

மையத்தில் எய்ட்ஸ் தினக் கூட்டம். சிவப்பு ரிப்பன், சமோசா, டீ. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்னைக் காட்டி, "தவமணி அக்கா இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட நேரம் தப்பிக் கூப்பிட்டதில்லை" என்று சார் பாராட்டினார். உண்மைதான், பீற்றிக்கொள்கிறேன். யாரை எப்போது கூப்பிடலாம், எப்போது கூப்பிடவே கூடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிய வந்தபோது நான் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். என் கட்டிலில் மட்டும் நோயின் பெயர் எழுதிய ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் என் புகுந்த வீட்டுக்கும். வீட்டுக்குப் போனபோது என் தட்டும் டம்ளரும் வெளியே கிடந்தன. அந்த அட்டையை மாட்டிய கையை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது, நல்லதுக்குக்கூடப் போகக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி. அதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

டிசம்பர் 8

செவ்வந்திக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு நடந்திருக்கிறது. கை வீங்கியிருந்ததால் வளையல் ஏறவில்லையாம். மாமியார் சோப்பு போட்டு ஏற்றும்போது ஒரு வளையல் உடைந்து கையைக் கிழித்துவிட்டது.

"ரத்தம் வந்துருச்சுங்கக்கா. அவங்க முந்தானையால தொடைக்க வந்தாங்க. வெடுக்குன்னு கையப் புடுங்கிட்டு உள்ள ஓடிட்டேன். அவங்க வெரல்லயும் கண்ணாடி கீறியிருந்துச்சு. அவங்களுக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

ஆகாது என்று விளக்கினேன். சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் மாமியார் முகம் சுருங்கிப்போனதாம். அதைச் சொல்லி அழுதாள்.

டிசம்பர் 9

இதை எழுதுவதற்கு முன் இரண்டு டீ குடித்துவிட்டேன்.

மரிக்கொழுந்து அம்மா கூப்பிட்டார். குரலே சரியில்லை. "வெள்ளிக்கெழம வளகாப்பு வெச்சமுங்க அம்மிணி. வளையல் ஒடஞ்சு புள்ள கையில ரத்தம் வந்துருச்சு. தொடைக்கப் போனேன். தீய மிதிச்சவளாட்டம் கையப் புடுங்கிட்டுப் போயிட்டா. நானென்னமோ தொடக் கூடாதவளாட்டம். எம்மேல அவளுக்கு அத்தன வெறுப்புங்க."

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, உடைந்த வளையல். இவர் மகனும் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன்தான். ஒரே வீடு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் அவள் கையை இழுத்தாள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வெறுப்பா இருக்காதுங்கம்மா. வேற எதாச்சும் காரணம் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க நல்லவங்க, அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்றார்.

டிசம்பர் 10

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் கண்ணைத் தேய்த்தார். "ரெண்டு பேரையும் தனித்தனியாச் சொல்ல வைங்க. அதுக்கு மேல நமக்கு உரிமை இல்ல தவமணி" என்றார். அவர் சொன்னது சரி. சரி என்று எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 19

செவ்வந்தியிடம்: "உங்க மாமியாருகிட்ட மெதுவாச் சொல்லிப் பாரேன் கண்ணு."

"செத்தாலும் மாட்டேங்கக்கா."

மரிக்கொழுந்து அம்மாவிடம்: "மருமககிட்ட நீங்களே சொல்லிரலாமுங்களே."

"என்ற உசுரு இருக்கற வரைக்கும் இல்லீங்க அம்மிணி."

மாமியாரும் மருமகளும் இத்தனை ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 4

காஸ் தீர்ந்துவிட்டது. மூன்று நாளாக ஓட்டல் இட்லி.

பிரசவத்துக்குத் தனியார் நர்சிங் ஹோமில் சொல்லிவைத்திருப்பதாக மரிக்கொழுந்து அம்மா சொன்னார். சொந்தக்காரப் பெண் அங்கே நர்ஸாம். "நம்ம புள்ள இருக்கறா, ரத்தம் கித்தம்னு எடுக்காமப் பாத்துக்குவா. பெரியாஸ்பத்திரிக்குப் போனா எடுத்துருவாங்க, இவளுக்குத் தெரிஞ்சு போயிரும்."

அதே நர்சிங் ஹோமைப் பற்றி மாலையில் செவ்வந்தி: "அங்க எங்க மாமியாரோட சொந்தக்காரி இருக்கறாங்கக்கா. டாக்டருகிட்ட நான் வாயத் தொறந்தா பொழுதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும். சொல்லாமயே பெத்துக்கறேன். நடக்கறது நடக்கட்டும்."

ஒருவர் மருமகளைக் காப்பாற்றுகிறார். இன்னொருத்தி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாள். நடுவில் அந்தக் குழந்தைக்கு மருந்து இல்லை. ரிசீவரைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஜனவரி 15

பொங்கல். பக்கத்து வீட்டில் கரும்பு கொடுத்தார்கள். என் பல்லுக்குக் கரும்பு ஆகாது. ஆனாலும் கடித்தேன்.

ஜனவரி 19

தையல் கிளாஸ் நின்றுவிட்டது. நிறைமாதப் பிள்ளை பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். செவ்வந்தியிடம் மாத்திரை தீரப்போகிறது. களப்பணியாளர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறோம் என்று சார் பேசிப்பார்த்தார். வேண்டவே வேண்டாம், யாராவது வந்தால் சந்தேகம் வந்துவிடும் என்று மறுத்துவிட்டாள். "ரெண்டு வாரந்தானுங்கக்கா. விட்டா என்னாயிரும்?" என்று என்னிடம் கேட்டாள். என்ன ஆகும் என்று சொன்னேன். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஜனவரி 21

இன்று ஒரு தவறு நடந்துவிட்டது. எப்படி நடந்தது என்று தெளிவாக எழுதிவைக்கிறேன்.

காலையில் தலைவலி. தூக்கமும் போதவில்லை. யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்பது குழம்பிவிட்டது. மனிதர்கள்தானே, குழம்பும். செவ்வந்தியைச் சாயங்காலம் கூப்பிடுவதற்குப் பதில் காலையில் கூப்பிட்டுவிட்டேன். அந்த நேரத்தில் அவள் குளித்துக்கொண்டிருப்பாள், போன் சமையலறை அலமாரியில் இருக்கும், மாமியார் அங்கேதான் நிற்பார் என்பதெல்லாம் அந்தச் சமயத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"ஆருங்க?" என்றது அந்தப் பக்கம்.

"தையல் டீச்சர் பேசறனுங்க."

"சொல்லுங்க."

இங்கே நான் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வேறு யாராவது எடுத்தால் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் சந்தேகம் வரும் என்று எங்களுக்குப் பயிற்சி. அதனால் பேசினேன்.

"புள்ள கிளாஸுக்கு வரலீங்களே. ஒரு நாளுகூட விடக் கூடாதுன்னு அத்தன தடவ சொல்லியிருந்தனுங்க. இப்ப விட்டா இத்தன நாளு பட்ட பாடெல்லாம் வீணாப் போயிருமுங்க."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அம்மிணி?" என்றார். "நீங்களா?"

"தையல் டீச்சருங்க."

"உங்க கொரலு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். அப்புறம், ரொம்பத் தாழ்ந்த குரலில், "அய்யோ, சாமி" என்றார். போன் வைக்கப்பட்டது.

நான் யாருடைய ரகசியத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட யாரும் குற்றம் சொல்ல முடியாது. என் குரல் என் குரலாக இருப்பதற்கு நான் என்ன செய்ய?

ஜனவரி 22

இரண்டு பேருமே கூப்பிடவில்லை.

ஜனவரி 25

சாயங்காலம் செவ்வந்தியைக் கூப்பிட்டேன். சரியான நேரத்தில். சுவிட்ச் ஆஃப்.

ஜனவரி 30

தினத்தாளை எடுத்ததும் திருச்செங்கோட்டுச் செய்தியைத்தான் தேடுகிறேன். இளம்பெண், நிறைமாதம், கிணறு என்று எதுவும் வந்துவிடக் கூடாதே என்று தேடுகிறேன்.  பயமாக இருக்கிறது. நன்றாகவே பயமாக இருக்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? அட்டையை மாட்டிய அந்தக் கைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நடுநடுவே தோன்றுகிறது. வித்தியாசம் இருக்கிறது. இருக்க வேண்டும்.

சாரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "தவறுதலாவா தவமணி?" என்றார். "தவறுதலாத்தான்" என்றேன். அவர் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

பிப்ரவரி 10

மரிக்கொழுந்து அம்மா!

"பெரியாஸ்பத்திரில இருக்கறமுங்க அம்மிணி. பொம்பளப் புள்ள. கொழந்தைக்கு சிரப்பு குடுத்திருக்கறாங்க. நர்சம்மா வெளக்குனாங்க, ஆனா நீங்க சொன்னாத்தான் எனக்கு மண்டையில ஏறும். சொல்லுங்க."

சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்டார். டாக்டர் சொன்னபடி தாய்ப்பால் மட்டும், கூட வேறு எதையும் கலக்காமல், தாயும் மாத்திரையை விடாமல் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் நடந்ததைச் சொன்னார்.

அன்றைக்கு மருமகள் குளித்துவிட்டு வரும் வரை அடுப்படியிலேயே நின்றிருக்கிறார். வந்ததும் தையல் பையை எடுத்து அவள் கையில் கொடுத்து, "கெளம்பு, கிளாஸுக்கு நானும் வர்றேன்" என்றிருக்கிறார். வாடகைக் கார் பிடித்து ஈரோடு வரை வந்திருக்கிறார்கள். வழி நெடுக ஒரு பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் செவ்வந்தி தயங்கி நிற்க, இவர் யாரையும் கேட்காமல் முன்னே நடந்து நேராக ஏ.ஆர்.டி. சென்டர் கதவில் போய் நின்றிருக்கிறார். மகனோடு வந்து பழகிய கதவு.

"அப்பத்தானுங்க அவ என்ற மூஞ்சியப் பாத்தா. உங்களுக்கு எப்பிடி இந்த எடம் தெரியும்னா. நான் வாயத் தொறக்கல. அவளுக்கே எல்லாம் தெரிஞ்சு போச்சு. அங்கயே ஒக்காந்து கத்துனா பாருங்க அம்மிணி. உங்க பையனுக்கு முன்னாடியே தெரியும், உங்களுக்கும் தெரியும், என்னைய மட்டும் கொல்லப் பாத்தீங்களான்னா. அடி வாங்குனாப்பல இருந்துச்சு. ஆனா வாங்க வேண்டிய அடிதானுங்களே?"

"மாத்திரை?"

"அன்னைக்கே வாங்கியாச்சு. ஒரு நாளு கூட விடல. எங்கூடப் பேச மாட்டா. நான் எடுத்துக் குடுத்தா மட்டும் வாங்கிப் போட்டுக்குவா. மகன் ஊருக்கு வரட்டுமான்னு போன்ல கேக்கறான். அவ வரச் சொல்ற வரைக்கும் என்ற வீட்டுப்படி ஏறாதேன்னு சொல்லிப்போட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு டீ குடித்தேன்.

மார்ச் 3

என் மேல் புகார் வந்திருக்கிறது. கொடுத்தது செவ்வந்தி. எழுத்தில். 'இருவரிடமும் பேசிக்கொண்டிருந்தவர், வேண்டுமென்றே என் வீட்டில் என்னைக் காட்டிக்கொடுத்தார். யாரிடம் எப்போது சொல்வது என்பது என் முடிவு. அதைப் பறிக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?'

இரண்டு முறை படித்தேன். கோபம் வரவில்லை. நடக்கிறது நடக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்ணா இதை எழுதினாள் என்றுதான் தோன்றியது.

மார்ச் 12

விசாரணை. குழுவில் மூன்று பேர், சார் உட்பட. நல்ல மனிதர்கள்தான். இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கொஞ்ச காலம் போனிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 'தவறு நடந்துவிட்டது. அதற்காக வருந்துகிறேன்.'

முதல் வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடினேன்.

"ரெண்டாவது வரி?" என்றார் சார்.

"அது எழுத முடியாதுங்க சார்."

"தவமணி, அந்த வரிதான் முக்கியம்."

"தெரியுமுங்க. அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி நியாயம். எனக்கு யாரும் உரிமை குடுக்கல. என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். விதியையும் மாத்திராதீங்க, அது நல்ல விதி. ஆனா வருத்தமில்லாதத வருத்தம்னு எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்படியென்றால் இந்த மாதத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்றார்கள். சரி என்றேன்.  எனக்கு இந்த வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த போன் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுத மாட்டேன்.

மார்ச் 31

கடைசி நாள். மேஜையைத் துடைத்தேன். யாரும் விருந்து வைக்கவில்லை, நல்லதாயிற்று. மத்தியானம் சார் தன் அறையிலிருந்து வந்து, "உங்களுக்குத்தான் போன். யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். புகார் வந்த பிறகு விதிப்படி நான் போன் எடுக்கக் கூடாது. அவர் டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"நாந்தான் பேசறேன்" என்றாள் செவ்வந்தி. அக்கா என்று சொல்லவில்லை.

"சொல்லு கண்ணு."

"கம்ப்ளெய்ன்ட் நாந்தான் குடுத்தேன்."

"தெரியும்."

"உங்கள நிறுத்திப்போட்டாங்கன்னு எங்க மாமியார் சொன்னாங்க. வாபஸ் வாங்குன்னு அழுவறாங்க. நான் வாங்க மாட்டேன்."

"வாங்காத."



"பாப்பாவுக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சுங்க. இல்லைன்னு வந்திருக்குது. ஒன்றர வயசு வரைக்கும் திரும்பத் திரும்பப் பாக்கோணுமாம். இப்போதைக்கு இல்ல."

 என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சாமி பெயரைச் சொல்லியிருப்பேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது.

"ஒண்ணு கேக்கோணும்" என்றாள். "எம்மாதிரி இன்னொருத்தி வந்தா, மறுபடியும் அப்பிடித்தான் பண்ணுவீங்களா?"

"அது தவறுதலா நடந்தது கண்ணு."

"பொய் சொல்லாதீங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே டீக்கடையில் சார் இந்தப் பக்கமே திரும்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா. பண்ணுவேன்" என்றேன்.

"அப்ப நானும் மறுபடி கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்."

"குடு" என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது. பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.